உரக்கக் கத்தினால்தான் தூரத்தில் கேட்குமா?

தேனிப் பக்கத்துக் கண் வைத்தியமும், ஆகாயத்தில் சர்க்கார் போட்ட 4 வாட் வேலியும்

மதுரையிலிருந்து மேற்கே புறப்படும் பஸ், செக்கானூரணி, உசிலம்பட்டி ஊர்களைத் தாண்டிக் கணவாயில் ஏறி இறங்கினால் ஆண்டிபட்டி வந்துவிடும். அங்கிருந்து தேனிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஆனால் கண் மங்கிப்போன ஒரு கிழவிக்கு அந்தக் கொஞ்ச தூரமும் காசிக்குப் போகிற தூரம்தான். கூட வர ஆள் வேண்டும். வருகிற ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ் சத்தம், சாப்பாட்டுச் செலவு வேறு. "இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டுப் போகிறேன்" என்று அவள் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

2006-ம் ஆண்டு வாக்கில் ஆண்டிபட்டியில் நடக்கக்கூடிய ஒரு காட்சியை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். ஒரு சிறிய அறை. சுவரில் எழுத்து அட்டை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு கருவி. மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். பயிற்சி பெற்ற ஒரு பெண் கிழவியைப் பக்குவமாக உட்காரவைக்கிறாள்.

"அப்பத்தா, அந்த எழுத்து தெரியுதா?"

"எல்லாம் புகை மூட்டமா இருக்கு தாயி."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் திருப்புகிறாள். திரையில் தேனி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் டாக்டரின் முகம் தெரிகிறது. "பாட்டி, எத்தனை மாசமா இப்படி இருக்கு?" என்று அவர் கேட்கிறார். "போன கார்த்திகையிலே இருந்துய்யா" என்று இவள் சொல்கிறாள். கண்ணின் படம் அங்கே போகிறது. "கண்புரைதான். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், பயப்படாதீங்க" என்ற பதில் இங்கே வருகிறது. ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது!

இந்த ஐந்து நிமிஷப் பேச்சை ஊர் விட்டு ஊர் கொண்டுபோனது எது? டெலிபோன் கம்பியா? இல்லை. செயற்கைக் கோளா? அதுவும் இல்லை. கூரைக்கு மேலே, கம்பத்தின் உச்சியில் இருந்த ஒரு கம்பி வலைக் கிண்ணம்! அதிலிருந்து புறப்பட்ட சக்தி எவ்வளவு தெரியுமா? அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

11 படுக்கையில் ஆரம்பம்

டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 1976-ம் ஆண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வாத நோயால் விரல்கள் மடங்கிப்போனவர் அவர். அந்த விரல்களைக் கொண்டே கண்ணில் கத்தி பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆபரேஷன் செய்தவர். 2006-ம் ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். அவர் தொடங்கிய ஆஸ்பத்திரி தேனி, திருநெல்வேலி, கோவை என்று பல ஊர்களுக்குப் பரவியது.

கிராமத்து மக்கள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்பது தெரிந்து, ஆஸ்பத்திரியே கிராமத்துக்குப் போனது. கண் சிகிச்சை முகாம்கள் நடந்தன. அப்படியும் ஒரு குறை இருந்தது. 1999-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு அதைக் காட்டிக் கொடுத்தது. கண்ணில் கோளாறு உள்ள கிராமத்தவர்களில் 100-க்கு 7 பேர்தான் முகாமுக்கே வந்தார்கள்! மற்ற 93 பேர்?

முகாம் ஒரு நாள் வந்து மறுநாள் போய்விடும். ஊரிலேயே என்றும் இருக்கும் ஓர் இடம் வேண்டும். அதுதான் 'பார்வை மையம்' என்ற யோசனை. ஆனால் ஒவ்வொரு மையத்திலும் ஒரு டாக்டரை உட்காரவைக்க முடியுமா? டாக்டர் ஊரில் இருக்கட்டும், அவருடைய கண் மட்டும் கிராமத்துக்கு வரட்டும் என்றார்கள். அந்தக் கண்ணைக் கொண்டுவர ஒரு பாதை வேண்டியிருந்தது.

மேலூரில் கற்ற பாடம்

மதுரை ஜில்லாவுக்கு இந்த முயற்சி புதிதல்ல. 2001-ம் ஆண்டில் மேலூர் வட்டாரக் கிராமங்களில், சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கம்ப்யூட்டர் நிலையங்களை ஏற்படுத்தின. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா டெலிபோன் முறை அங்கே உபயோகமானது. நடுவில் ஒரு கோபுரம், அதைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் உள்ள கிராமங்களில் சிறு ஏரியல்கள். நடுவே ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை எட்டும்.

அந்த நிலையங்களிலிருந்து கண்ணைப் போட்டோ எடுத்து அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் அதைப் பார்த்துப் பதில் எழுதினார். நல்ல காரியம்தான். ஆனால் வினாடிக்கு 35 ஆயிரம் துணுக்குகள்தான் அதில் ஓடும். படம் போகும், முகம் பார்த்துப் பேச முடியாது. நோயாளியும் டாக்டரும் முகம் பார்த்துப் பேசினால்தானே நம்பிக்கை வரும்?

வீட்டுக் கருவிக்குக் காட்டு வேலை

அப்போதுதான் அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எரிக் புரூவரும் அவருடைய மாணவர்களும் வந்தார்கள். அவர்கள் கையில் எடுத்தது வை-பை. ஆம், இன்று வீட்டு மூலையில் விளக்குச் சிமிட்டிக்கொண்டு இருக்கிறதே, அதே வை-பைதான்! ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவதற்காகப் பிறந்த கருவி அது. அதைக் கொண்டு ஊர் விட்டு ஊர் பேசவைக்க முடியுமா என்று பார்த்தார்கள்.

ஏன் அதையே எடுத்தார்கள்? மலிவு. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் தயாராகிற சாமான் என்பதால் விலை குறைவு. கெட்டுப்போனால் மாற்றுவது எளிது.

தேனி ஆஸ்பத்திரியை நடுவாக வைத்து, ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் போன்ற ஊர்களின் பார்வை மையங்கள் ஐந்தை இப்படி இணைத்தார்கள். ஒன்பது இணைப்புகள். மிகக் குட்டையானது 1 கிலோமீட்டர். மிக நீண்டது, இடைநிலையம் ஒன்றிலிருந்து ஆண்டிபட்டிக்குப் போகும் 15 கிலோமீட்டர். சில இடங்களில் 24 முதல் 42 மீட்டர் உயரம் வரை கோபுரம் எழுப்பினார்கள். ஓர் இடத்தில் நூல் ஆலையின் புகைபோக்கியே கோபுரமாயிற்று! நோயாளியிடம் அந்நாளில் வாங்கிய கட்டணம் 20 ரூபாய்.

ஆகாயத்துக்கும் பட்டா உண்டு

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். "15 கிலோமீட்டர் போகவேண்டுமானால் சக்தியைக் கூட்டவேண்டியதுதானே! பத்து வாட், நூறு வாட் என்று வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?"

சர்க்கார் கேட்கும்! ரேடியோ அலை ஓடும் ஆகாயம் யாருடைய சொந்த நிலமும் அல்ல. 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டமும், 1933-ம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அதற்கு வேலி போட்டன. அந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்காக 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் இல்லாமல் ஒருவர் தம் இஷ்டத்துக்கு அலை பரப்பக்கூடாது என்பதே அடிப்படை.

ஆனால் சில அலைவரிசைகளை மட்டும் சர்க்கார் ஊர்ப் பொதுவாக விட்டுவைத்திருக்கிறது. 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வரிசை அப்படிப்பட்டது. 2005-ம் ஆண்டு ஜனவரியில் வந்த விதிகள், அந்த வரிசையில் உரிமம் இல்லாமலே வீட்டுக்கு வெளியிலும் கருவி வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தன. மூன்று நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, கருவியிலிருந்து வெளிவரும் சக்தி 1 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. இரண்டு, ஏரியல் அதைக் குவித்து வீசும்போது, வீசுகிற திசையில் அதன் வலு 4 வாட்டுக்குச் சமமாக இருக்கலாம், மேலே போகக்கூடாது. மூன்று, ஏரியலின் உயரம் கட்டிடக் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் போவதானால் தனி அனுமதிக்கு மனுப் போட வேண்டியதுதான்.

இந்த 4 வாட் கணக்கு எதற்கு? நமது கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் பொதுவான தண்ணீர். மடையை அளவாகத் திறந்தால் கடைமடை வயலுக்கும் தண்ணீர் போகும். தலைமடைக்காரர் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு பலகையை அதிகமாகத் தூக்கிவிட்டால், கடைமடைக்காரர் கதி என்ன? அலைவரிசையும் அப்படித்தான். ஒருவர் அதிகச் சக்தியில் பரப்பினால், பக்கத்துத் தெருவில் மெல்லப் பேசுகிறவர்களின் பேச்செல்லாம் அமுங்கிப்போகும். அவரும் பதிலுக்குச் சக்தியைக் கூட்டுவார். அப்புறம் சந்தை இரைச்சல்தான். எல்லாரும் கத்துவார்கள், யாருக்கும் ஒன்றும் கேட்காது!

அரிக்கேன் விளக்கும் டார்ச் விளக்கும்

'1 வாட்' என்றும், '4 வாட்' என்றும் இரண்டு கணக்கு சொன்னோமே, அது எப்படி?

அரிக்கேன் விளக்கைப் பாருங்கள். நாலாபுறமும் வெளிச்சம் தருகிறது. டார்ச் விளக்கின் பல்ப் அதைவிடச் சிறியது. ஆனால் பின்னால் உள்ள கண்ணாடிக் கிண்ணம் அந்த வெளிச்சத்தையெல்லாம் ஒரே பக்கம் தள்ளுகிறது. அதனால் வயல் வரப்பில் நூறு கஜத்துக்கு அப்பால் உள்ள பாம்பும் தெரிகிறது. கிண்ணம் புதிதாக வெளிச்சத்தை உண்டாக்கவில்லை. இருப்பதைக் குவிக்கிறது, அவ்வளவுதான்.

ரேடியோவுக்கும் அதே கிண்ணம் உண்டு. தூரத்து இணைப்புகளுக்கு வழக்கமாகப் பயன்படும் கம்பி வலைக் கிண்ணம், சுமார் ஒரு மீட்டர் அகலம் இருக்கும். பொறியாளர்கள் அதை '24 டெசிபல்' கிண்ணம் என்பார்கள். நம் பாஷையில் சொன்னால், சக்தியை ஒரே திசையில் 250 மடங்கு குவிக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். வீசும் வலுவுக்கு உச்சவரம்பு 4 வாட். கிண்ணம் 250 மடங்கு பெருக்குகிறது. அப்படியானால் கருவி எவ்வளவு சக்தி கொடுக்கலாம்? 4-ஐ 250-ஆல் வகுத்தால் 0.016 வாட். அதாவது வெறும் 16 மில்லிவாட்! சாமி படத்துக்குப் போடும் 'ஜீரோ வாட்' பல்ப் உண்மையில் சுமார் 15 வாட் குடிக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இது.

"இவ்வளவு சொற்ப சக்தியில் 15 கிலோமீட்டர் போகுமா? கதையாக இருக்கிறதே!" என்று தோன்றுகிறது அல்லவா?

கேட்கும் காதுக்கு வரம்பு இல்லை

இங்கேதான் இந்த வித்தையின் உயிர்நிலை இருக்கிறது. பேசுகிறவருக்குத்தான் சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. கேட்கிறவர் எவ்வளவு பெரிய காது வைத்துக்கொண்டாலும் அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆகவே அதற்கு இந்த வரம்பும் இல்லை!

வயலுக்கு அந்தக் கரையில் நிற்பவர் கூப்பிட்டால், காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்கிறோம். அதே வேலையைத்தான் எதிர்முனைக் கிண்ணமும் செய்கிறது. அனுப்பும்போது 250 மடங்கு குவித்த அதே வகைக் கிண்ணம், வாங்கும்போதும் 250 மடங்கு திரட்டிக்கொடுக்கும்.

15 கிலோமீட்டர் கடந்து வரும் சக்தி எவ்வளவு இருக்கும்? நடுவில் தடை இல்லை என்று வைத்துக்கொண்டால், கிண்ணம் திரட்டித் தருவது ஒரு வாட்டில் சுமார் 227 கோடியில் ஒரு பங்கு. கேட்டால் தலை சுற்றும். ஆனால் நல்ல வாங்கிக் கருவி ஒன்றுக்கு அதுவே பெரிய விருந்து. ஒரு வாட்டில் சுமார் 33 ஆயிரம் கோடியில் ஒரு பங்கு கிடைத்தாலே அது செய்தியைப் பிழையில்லாமல் படித்துவிடும். அதாவது தேவைக்கு மேல் நூறு மடங்குக்கும் அதிகமான கையிருப்பு! காற்றில் கிண்ணம் சற்றே திரும்பினாலும், இணைப்புக் கம்பியில் கொஞ்சம் விரயமானாலும் பேச்சு நிற்காது.

அதே இடத்தில் கிண்ணத்தை எடுத்துவிட்டு, வீட்டு வை-பையில் உள்ள குச்சி ஏரியலை வைத்தால் என்ன ஆகும்? வரும் சக்தி நூற்றைம்பதில் ஒரு பங்காகக் குறைந்து, படித்தாலும் படிக்கலாம், படிக்காமலும் போகலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். தென்னங்கீற்று ஒன்று அசைந்தால் போதும், டாக்டரின் முகம் திரையில் உறைந்து நின்றுவிடும்.

சக்தியைக் கூட்டுகிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியவேண்டும். தூரம் இரட்டிப்பானால் சக்தி இரண்டு மடங்கு போதாது, நாலு மடங்கு வேண்டும். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு சக்தி வேண்டும். ஆகவே, கருவியில் சக்தியைக் கூட்டிக்கொண்டே போவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. கிண்ணத்தைப் பெரிதாக்கி, திசையைச் சரியாகப் பார்த்து வைப்பதே புத்திசாலித்தனம்.

நாட்டுக்கு நாடு ஒரு நியாயம்

இதில் தேசத்துக்குத் தேசம் விதி வேறுபடுகிறது. நம் நாட்டில் இந்த வரிசைக்கு 4 வாட் என்று ஒரே கோடு. ஐரோப்பாவில் அதுவும் கிடையாது. அங்கே இதே வரிசையில் 0.1 வாட்தான் உச்சவரம்பு.

அமெரிக்கா வேறு விதமாக யோசித்தது. குச்சி ஏரியல் ஊரெல்லாம் அலை பரப்புகிறது. கிண்ணமோ ஊசிமுனைபோல் ஒரே கோட்டில் அனுப்புகிறது. தொந்தரவும் அந்தக் கோட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ஆகவே, இரண்டே முனைகளுக்கு இடையே நிலையாக வைத்த இணைப்புகளுக்குச் சலுகை கொடுத்தது. கிண்ணத்தின் குவிப்பு 6 டெசிபலுக்கு மேல் ஏற ஏற, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் கருவியின் சக்தியை 1 டெசிபல் மட்டும் குறைத்தால் போதும். இந்தக் கணக்குப்படி 24 டெசிபல் கிண்ணத்துக்கு அங்கே 0.25 வாட் வரை கொடுக்கலாம். நம்முடைய 16 மில்லிவாட்டைப்போல் சுமார் 16 மடங்கு! 5,800 மெகாஹெர்ட்ஸ் வரிசையிலோ, எவ்வளவு பெரிய கிண்ணம் வைத்தாலும் 1 வாட் முழுவதையும் கொடுக்கலாம்.

எது நியாயம்? இரண்டு பக்கமும் வாதம் உண்டு. மலையும் பள்ளமுமாக, வீடுகள் விலகி விலகி இருக்கும் கிராமப்புறத்தில் குவித்து அனுப்புகிறவருக்குச் சலுகை கொடுப்பதால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது உதவும். ஆனால் மதுரை மாசி வீதிகளைப்போல் நெருக்கமான இடத்தில், அந்த ஊசிமுனைக் கோட்டில் ஆயிரம் வீடுகள் இருக்கும். அங்கே சலுகை கொடுத்தால் கடைமடைக் கதைதான். ஒரே நாட்டுக்கு ஒரே கோடு போடுவது சுலபம். ஊருக்குத் தகுந்த கோடு போடுவதும், அதை மீறுகிறவர்களைக் கண்டுபிடிப்பதும்தான் கஷ்டம்.

ஆனால் ஒன்று நிச்சயம். நம் கணக்கின்படி ஆண்டிபட்டி தூரத்துக்கு நமது 4 வாட்டே போதும். குறைபாடு சக்தியில் இல்லை, வேறு இடங்களில் இருந்தது.

தென்னை மரமும் பூமியின் முதுகும்

முதல் தொல்லை, பார்வை. இந்த அலை வளைந்து போகாது. ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியவேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது. கோட்டைச் சுற்றிலும் கொஞ்சம் இடமும் காலியாக இருக்கவேண்டும். 15 கிலோமீட்டர் இணைப்பில், நடுவழியில் அந்தக் கோட்டுக்குக் கீழே சுமார் 13 மீட்டராவது மறைப்பு இல்லாமல் இருப்பது நல்லது. அந்தத் தூரத்துக்குப் பூமியின் முதுகே 3 மீட்டர் மேலே எழும்பிவிடும். இதோடு தென்னந்தோப்பின் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். 42 மீட்டர் கோபுரம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். காசு செலவானது கருவிக்கு அல்ல, கோபுர இரும்புக்கு!

அவசரக்காரக் கருவி

இரண்டாவது தொல்லை, அவசரம். வை-பை ஒரு செய்தித் துணுக்கை அனுப்பியதும் "கிடைத்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் பதில் வராவிட்டால், தொலைந்தது என்று முடிவுகட்டி மறுபடியும் அனுப்பும். வீட்டுக்குள் இது சரி. 15 கிலோமீட்டர் போக ஒளிவேகத்திலும் 50 மைக்ரோ வினாடி ஆகும். பதில் திரும்ப இன்னொரு 50. அதற்குள் நம் அவசரக்காரர் பொறுமை இழந்துவிடுவார்! பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே மறுபடி அனுப்பத் தொடங்குவார். இரண்டும் மோதும்.

கோபுரத்தில் இரண்டு கிண்ணங்கள் இருந்தால் இன்னொரு சங்கடம். ஒன்று அனுப்பும்போது, பக்கத்தில் உள்ளது கேட்டுக்கொண்டிருந்தால் அதன் காது அடைத்துப்போகும். இதற்குக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பாஸ்கரன் ராமன் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள். ஒரு கோபுரத்தில் உள்ள கிண்ணங்களெல்லாம் ஒரே நேரத்தில் பேசட்டும், ஒரே நேரத்தில் கேட்கட்டும்! பஜனை மடத்தில் முன்பாட்டும் பின்பாட்டும்போல. பெர்க்லி குழுவினர் இதை வளர்த்து, முறைவைத்துப் பேசும் ஏற்பாட்டையும், ஒவ்வொரு துணுக்குக்கும் பதில் கேட்காமல் மொத்தமாகப் பதில் வாங்கும் ஏற்பாட்டையும் அமைத்தார்கள். 2007-ம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள்.

இதன் பலனை உலகம் தென் அமெரிக்காவில் பார்த்தது. வெனிசுலா நாட்டில் எர்மன்னோ பியெத்ரோசெமோலி என்ற பேராசிரியர், மலைக்கு மலை 382 கிலோமீட்டர் தூரம் இந்த வை-பையைப் பேசவைத்தார். மதுரைக்கும் வேலூருக்கும் இடையே கம்பியில்லாமல் பேசுவதுபோல! பெர்க்லிக் குழுவினரின் இந்த முறையை வைத்தபோது, இரு திசைக்கும் சேர்த்து வினாடிக்கு 60 லட்சம் துணுக்குகள் ஓடின. அங்கேயும் காரியத்தைச் சாதித்தது கத்துவது அல்ல. உயர்ந்த மலையும், பெரிய கிண்ணமும், பொறுமையான கருவியும்தான்.

உண்மையான எதிரி

மூன்றாவது தொல்லை யாரும் எதிர்பாராதது. கிராமத்து மின்சாரம்! 230 வோல்ட் வரவேண்டிய கம்பியில் சில சமயம் 500 வோல்ட்டுக்கு மேல் துள்ளிக் குதித்ததை அளந்து பார்த்திருக்கிறார்கள். சில சமயம் விளக்கு அகல்போல் மங்கும் அளவுக்குத் தாழ்ந்துபோகும். கருவிகள் புகைந்தன. நினைவுத் தகடுகள் அழிந்தன. தூரமும் சட்டமும் செய்யாத நாசத்தை மின்சாரம் செய்தது. மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் ஏற்பாடுகளைச் செய்தபின், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கோபுரத்தில் ஏறிக் கிண்ணத்தைத் திருப்பிவைக்க அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை என்ற நிலை வந்தது. அதுதான் பெரிய வெற்றி என்பேன்.

இன்று

காலம் மாறிவிட்டது. பல ஊர்களுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டது. கைபேசிக் கோபுரம் இல்லாத ஊரைத் தேடவேண்டியிருக்கிறது. 2018-ம் ஆண்டு அக்டோபரில் சர்க்கார் 5,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் இல்லாமல் உபயோகிக்கத் திறந்துவிட்டது. தேனிப் பக்கத்தில் ஐந்து மையங்களோடு தொடங்கிய வலை வளர்ந்து, இன்று அரவிந்த் பார்வை மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

ஆனாலும் பாடம் பழசாகவில்லை. மாடிக்கு மாடி இன்று வை-பை இருக்கிறது. "நம் வீட்டில் எட்டவில்லை" என்று சொல்லி, அளவுக்கு மீறிய சக்தியுள்ள பெருக்கிகளைக் கடையில் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. தெருவில் யாருடைய பேச்சு அறுந்துபோகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அது ஒரு பரீட்சை எழுதும் பிள்ளையின் பாடமாக இருக்கலாம். எங்கோ ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணாகவும் இருக்கலாம்.

பொதுவில் விட்ட தண்ணீரை அளவோடு எடுத்தால் கடைமடை வரை விளையும். ஆண்டிபட்டி அப்பத்தாவின் புகைமூட்டம் விலகுவதற்கு, ஆகாயத்தில் யாரும் கூச்சல் போடவேண்டியதில்லை. இந்த முனையில் அளவாகப் பேசவேண்டும். அந்த முனையில் காதைக் குவித்துக் கேட்கவேண்டும். நடுவில் யாரும் மறிக்காமல் இருக்கவேண்டும்.

மனிதருக்கு மனிதர் பேசிக்கொள்வதற்கும் இதைவிட வேறு சூத்திரம் உண்டா என்ன?